ஓர் ஊரை விலைக்கு வாங்கிய உபதேசியார்

சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறிகள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த புதிதில், அவர்களிடமிருந்து முதலில் பறிபோனது கூரைதான். குடியிருந்த விடிலி நின்ற பனைவிளை இன்னொருவருக்குச் சொந்தம். ஏறுகிற பனையும் அப்படியே. தண்ணீர் இறைக்கும் கிணற்றிலும் அடுத்தவர் தயவு வேண்டும். விளைக்காரர் போகச் சொன்னால் பெண்டு பிள்ளைகளோடு தேரிமணலில் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஜெபவீடுகளுக்குத் தீ வைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

சின்னமுத்து என்கிற டேவிட் சுந்தரானந்தம் அதே நாடார் சாதியில் பிறந்து, தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராகச் சொந்தச் சீமைக்குத் திரும்பியவர். துரத்தப்பட்டவர்களுக்குப் பொறுமையைப் பிரசங்கிப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த கேப்டன் எவரெட் என்ற ஆங்கிலேயரிடம் பணம் பெற்று, 1799-இல் ஒரு துண்டு நிலத்தைக் கிரயம் வாங்கினார். கிணறு வெட்டி, சிறிதாக ஒரு ஜெபவீடும் கட்டினார்கள். முதலில் குடியேறியவர்கள் 28 பேர். அதுதான் முதலூர். வெளியூர்க்காரர்களுக்கு மஸ்கோத் அல்வாவால் தெரிந்த ஊர்; எங்களுக்கு அது அடைக்கலம் தந்த ஊர். சுந்தரானந்தம் நெடுநாள் இருக்கவில்லை. அவரை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றே எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

புதிதாக வந்த குடும்பம் கூரை வேயும்வரை கோவிலிலேயே படுத்துக்கொள்ளும், ஓலையை ஊர்க்காரர்கள் வெட்டிக் கொடுப்பார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். அவளுக்கு அவள் ஆச்சி சொன்னது. கழுக்கோல் ஏற்றுவதற்குள் அடுப்புக் கல் மூன்றும் வந்துவிடுமாம். எனக்கு இந்த விவரம் பெரிதாகப் படுகிறது. அந்நியரை உபசரிக்க வேண்டும் என்று இப்போது பிரசங்கத்தில் கேட்கிறோம். அன்று அந்த உபசரிப்புக்கு எல்லைக்கல் இருந்தது, கிணறு இருந்தது, யாரும் வந்து கிளப்ப முடியாத மண் இருந்தது.

பின்னால் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் இதையே ஒரு முறையாக்கினார். 1830-இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், நெருக்கப்பட்ட கிறிஸ்தவர்களைக் குடியேற்ற நிலம் வாங்கியது. பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தால் டோனாவூர் வந்தது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று எங்கள் பஸ் போர்டுகளில் வரிசையாக வரும் பெயர்களுக்குப் பின்னால் இந்தக் காலம் இருக்கிறது.

ஆனால் நிலம் கிடைத்ததும் சாதி வெளியே நின்றுவிடவில்லை. கத்தோலிக்க ஊரான வடக்கன்குளத்தில் 1872-இல் எழுப்பிய கோவிலைப் பாருங்கள். கால்சட்டை போல இரண்டு நீளக் கூடங்கள். வெள்ளாளருக்கு ஒன்று, நாடார் முதலிய மற்றவர்களுக்கு ஒன்று. இரண்டும் சேருமிடத்தில் பீடம். ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் தடுப்பு. 1910-இல் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியைக் காட்டிக் கோவிலுக்குள் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பானது.

இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லும் எங்கள் ஆட்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு. தடுப்பு விழ வேண்டும் என்று நின்ற நாம், பறையர், பள்ளர் குடும்பங்களை நமக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோமா? துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்தவரைத் தள்ளிவைத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் தனியாக உள்ள ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பொதுவில் அடக்கம் செய்ய இடம் கேட்டு மனு எழுதுகிறவர்கள் கேட்பதும் நிலம்தான். சேகரக் கமிட்டியோ பங்குப் பேரவையோ ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதைக் கொடுத்துவிடலாம். அவர்களைக் கோர்ட்டுக்கு அலையவிடக் கூடாது.