சிங்கப்பூர் டு நியூயார்க்: 18 மணி நேரம் வானத்தில்... உங்க திங்கட்கிழமை எங்கே போச்சு?

நடுவில் எங்கேயும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களில், உலகிலேயே நீளமான ரூட் எது தெரியுமா? சிங்கப்பூர் - நியூயார்க். தூரம் சுமார் 15,300 கி.மீ. நேரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே மூச்சில்!

எப்படி முடியுது?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நான்கு இன்ஜின் விமானத்தில் இந்தச் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தியது. 2018-ல் இரண்டே இன்ஜின் கொண்ட ஏர்பஸ் A350-900ULR வந்தபிறகு மறுபடியும் ஆரம்பித்தது. வழக்கமான A350-900-ஐவிட இதில் 24,000 லிட்டர் எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கும். எடையைக் குறைக்க 161 சீட்கள் மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது.

தூரம் ஒன்று, நேரம் வேறு

இணையத்தில் காட்டும் கிலோமீட்டர், உருண்டையான பூமியில் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. அந்தக் கோடு வட துருவத்துக்குப் பக்கத்தில் போகிறது. ஆனால், விமானம் எப்போதும் அந்த வழியில்தான் போகும் என்றில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று முதுகில் தள்ளினால் நேரம் குறையும். எதிரே வந்தால் கூடும். அதனால் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் ரூட்டை முடிவு செய்வார்கள். சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்ச் சேரலாம்!

தேதியில்தான் ட்விஸ்ட்

நியூயார்க்கைவிட சிங்கப்பூர் கடிகாரம் கோடையில் 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முன்னால் ஓடும். கோடையில், ஞாயிறு நள்ளிரவு 12 மணி தாண்டியதும் சிங்கப்பூரில் கிளம்பினால், அதே ஞாயிறு காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இருப்பீர்கள். திரும்பும்போது கதையே வேறு. ஞாயிறு இரவு பத்தரைக்கு ஏறினால், இறங்குவது செவ்வாய் காலை ஐந்து மணிக்கு. திங்கட்கிழமை அப்படியே காணாமல்போகும்!

டிக்கெட் போடும் முன்...

* டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பார்க்காதீர்கள். 'மொத்தப் பயண நேரம்' என்ன என்று பாருங்கள்.

* எகானமி டிக்கெட்தான் வேண்டுமென்றால், நடுவில் ஓர் ஊரில் இறங்கித்தான் போகணும். பயணம் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

* நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

* 12 மணி நேர வித்தியாசம் என்றால் பகல், இரவு இரண்டும் தலைகீழ். உடம்பு பழக நாள்கள் ஆகும். இன்டர்வியூ, வேலையில் சேரும் நாள் மாதிரி முக்கியமானவற்றை, இறங்கும் அன்றைக்கே வைத்துக்கொள்ளாதீர்கள். காலண்டரில் இரண்டு நாளாவது சேர்த்தே பிளான் பண்ணுங்க!