மனநல வார்டில் நோயாளிக்காகப் பேசுவது யார்?

1/ மனநல வார்டில் ஒருத்தர் "எனக்கு வீட்டுக்குப் போணும்"னு சொல்றார்னு வைங்க. டாக்டர் "இன்னும் சரியாகல"ங்கிறார். அண்ணன் "வீட்ல வச்சுப் பாக்க முடியாது"ங்கிறார். ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா அவர் பக்கம் நின்னு பேச அங்க யார் இருக்கா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ எங்க நாஞ்சில் நாட்டுல "உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்"னு கேலி பேசுவாங்க. திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரை நமக்குத் தலைநகரம் அதுதானே. ஊர்ப்பேரே வசையாயிடுச்சு. அந்த முத்திரை விழுந்தவர் "என்னை அடிக்கிறாங்க"ன்னு சொன்னாலும், "அது நோய் பேசுது"ன்னு தள்ளிடுவாங்க. சிக்கலே இங்கதான் ஆரம்பிக்குது.

3/ இதை முதல்ல உரக்கச் சொன்னவங்க அனுபவிச்சவங்களே. கொலையான இங்கிலாந்துப் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல், மனநலக் காப்பகத்தில் இருந்து மீண்டவர். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து, காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்களுக்காக வாதாட 1845-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆனா மருத்துவமனையையும் குடும்பத்தையும் சாராத உரிமைத் துணைவர் அங்கே சட்டப்படி வந்தது 2007 சட்டத்துக்குப் பிறகு, 2009-ல்தான்!

4/ இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சது. சங்கிலியில் கட்டியிருந்ததால ஓட முடியல. 28 பேர் இறந்தாங்க. 1987 சட்டம் அப்போ நடைமுறையில்தான் இருந்தது. மருத்துவமனைகளை ஆய்வு செய்யப் பார்வையாளர்களை நியமிக்கணும்னு அதுலயே இருந்தது. சட்டம் இருந்தும் அந்த 28 பேருக்காகக் கேட்க ஆள் இல்லை.

5/ உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிறகு 2018 மே 29 முதல் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அமலுக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதற்கு முழுத் தடை. உங்களுக்காகப் பேசும் பிரதிநிதியை நீங்களே வெள்ளைத் தாளில் எழுதி நியமிக்கலாம். அவர் உறவினரா இருக்கணும்னு இல்லை. சேர்த்தது தப்புன்னா மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமையிலான மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் நோயாளியின் சம்மதத்தோடு மனு போடலாம்.

6/ பிரிவு 27 இன்னும் முக்கியம்: இலவச சட்ட உதவி. அப்படி ஓர் உரிமை இருக்குன்னு நோயாளிகிட்ட சொல்ல வேண்டிய கடமை பொறுப்பிலுள்ள டாக்டருக்கும் உண்டு. இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. மாத்திரை எத்தனை வேளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்?

7/ இங்கிலாந்து மாதிரி தனி உரிமைத் துணைவர் பணியிடம் நம்ம சட்டத்துல இல்லை. வக்கீல் வழக்கு நடத்துவார்; ஆனா பக்கத்துல உட்கார்ந்து "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டு, டாக்டர் முன்னாடி கூட நின்னு சொல்ல ஆள் வேணும். டாக்டரா சொல்றேன்: அப்படி ஒருத்தர் இருந்தா எனக்கு எதிரி இல்லை. என் கண்ணுக்குத் தப்பினதைக் காட்டுறவர்.

8/ குறிச்சு வச்சுக்கோங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416. உங்க வீட்ல யாராவது வார்டுல இருந்தா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேளுங்க.