ஒரு கூரையும் மூன்று துறைகளும்: ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானங்கள்

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்தில் சமூக விஞ்ஞானங்களுக்கெனத் தனிப் பீடம் இல்லை. அவை கலை, விஞ்ஞான பீடத்தினுள் தனித்தனித் துறைகளாக இயங்குகின்றன. இவ்வமைப்பு உருவான வரலாற்றையும், கனடாவில் தமிழர் பற்றிய ஆய்வுக்கு அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

1888 இல் வில்லியம் ஆஷ்லி அரசியற் பொருளாதாரத்துக்கும் அரசியலமைப்பு வரலாற்றுக்கும் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். பொருளியலும் அரசியலும் வரலாறும் ஒரே பதவியின் பெயரில் இணைந்திருந்தமை கவனிக்கத்தக்கது. 1892 இல் அவரையடுத்து வந்த ஜேம்ஸ் மேவர் மூன்று தசாப்தங்கள் அப்பணியைத் தொடர்ந்தார். இவ்விணைப்பின் பயனை முழுமையாக வெளிப்படுத்தியவர், 1937 முதல் 1952 இல் மறையும் வரை அரசியற் பொருளாதாரத் துறையின் தலைவராயிருந்த ஹரல்ட் இனிஸ். 1930 இல் வெளியான அவரது மென்மயிர்த்தோல் வாணிப வரலாறு, ஓர் ஏற்றுமதிப் பண்டம் ஒரு நாட்டின் போக்குவரத்தையும் ஆட்சியையும் எவ்வாறு உருவாக்கியது என்பதைக் காட்டிற்று. கோப்பியும் தேயிலையும் மலையகத் தமிழரின் வாழ்வை வகுத்த வரலாற்றை அறிந்த நமக்கு இந்நோக்கு அந்நியமானதன்று.

அந்த ஒரே கூரை நிலைக்கவில்லை. 1938 இல் அத்துறையில் சேர்ந்த எஸ். டி. கிளார்க்கின் தலைமையில் 1963 இல் சமூகவியல் தனித்துறையாயிற்று. 1982 இல் எஞ்சிய பகுதி பொருளியல், அரசியல் விஞ்ஞானம் என இரண்டாயிற்று. மாணவர் தொகை பெருகியிருந்தது. பொருளியலும் கணித முறைகளை நோக்கி நகர்ந்திருந்தது. பிரிவினால் ஒவ்வொரு துறையின் ஆய்வும் ஆழம் பெற்றதை மறுப்பதற்கில்லை.

ஆயின், அதற்கு மறு ஆண்டே 1983 ஆடிக் கலவரம் நிகழ்ந்தது. அதன்பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இந்நகரை வந்தடைந்தனர். துறைகள் பிரிந்தபின் வந்த சமூகம் இது. எனவே அகதி நிலை ஒரு துறையிலும், தொழில் இன்னொன்றிலும், குடும்பம் வேறொன்றிலும் ஆராயப்படும் நிலை ஏற்பட்டது. ஸ்காபரோவில் இயங்கும் ஊர்ச்சங்கமொன்று பணம் திரட்டித் தாயகத்துப் பாடசாலைக்குக் கட்டடம் எழுப்புகிறது. இது பொருளியலா, அரசியலா, சமூகவியலா? மூன்றுமே என்பதுதான் விடை. ஒன்றை மட்டும் கற்றவருக்கு அச்சங்கம் முழுமையாகப் புலப்படாது.

ஸ்காபரோ வளாகத் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் டொலர் இலக்கு, சமூகத்தின் நன்கொடைகளால் 2021 இல் எட்டப்பட்டது. அவ்விருக்கை மொழி, இலக்கியம் ஆகியவற்றோடு அமையாது, சமூக விஞ்ஞானத் துறைகளுடன் கூட்டுப் பாடநெறிகளையும் கூட்டு ஆய்வு மேற்பார்வையையும் ஏற்படுத்துதல் வேண்டும். இனிஸ் காலத்துக் கூரையை மீள எழுப்ப இயலாது. பிரிந்த அறைகளுக்கிடையே வாயில்களைத் திறத்தல் இயலும். அதனைத் தொடங்கும் தகுதி தமிழியலுக்கு உண்டு.