குதிரை மேல இருந்தா ஓகே... இறங்கினா கைது! யார் இந்த கான்சிட்டா சின்ட்ரோன்?

காரைக்கால் அருகே அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயிலில் மகிஷ சம்ஹாரத் திருவிழா ரொம்பப் பிரபலம். எருமை வடிவில் வந்த அசுரனை அம்மன் வதம் செய்ததை நினைவுகூரும் விழா அது. சாமி கதையில் சரி, நிஜத்தில் ஒரு பெண் காளைக்கு எதிரே நின்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? ரசிகர்கள் 'பொன்முடி தேவி' என்று கொண்டாடிய கான்சிட்டா சின்ட்ரோனுக்கு ஸ்பெயின் சொன்ன பதில் கொஞ்சம் விசித்திரமானது.

யார் இவர்?

1922-ல் சிலி நாட்டில் பிறந்தவர், வளர்ந்தது பெரு தலைநகர் லிமாவில். போர்ச்சுகீசிய குதிரையேற்ற ஆசான் ரூய் டா காமராவிடம் பயிற்சி பெற்று, டீன் ஏஜிலேயே களம் இறங்கினார்.

அது என்ன விளையாட்டு?

நம்ம ஊர் ஜல்லிக்கட்டில் வீரர் வெறுங்கையோடு திமிலைப் பிடிப்பார். ஸ்பெயினின் 'ரெஜோனியோ' அப்படி இல்லை. குதிரையில் அமர்ந்து, ஈட்டியால் காளையைக் குத்தி வீழ்த்த வேண்டும். கான்சிட்டா தன் வாழ்நாளில் சுமார் 750 காளைகளை வீழ்த்தியதாகச் சொல்லப்படுகிறது.

மெக்சிகோவின் குவாடலஹாராவில் காளை அவர் தொடையில் குத்தியது. சிகிச்சைக்குத் தூக்கிச் சென்றவர்களிடம் இருந்து விடுபட்டுத் திரும்பி வந்து, அதே காளையை வீழ்த்திவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

கைது ஏன்?

பெரு, மெக்சிகோவில் அவர் தரையில் நின்றும் மோதினார். ஆனால் அன்றைய ஸ்பெயினில் பெண்கள் குதிரை மேல் இருந்து மட்டுமே மோதலாம். தரையில் நின்று மோதத் தடை.

ஓய்வு பெறும் காலத்தில் ஸ்பெயினின் ஹேன் நகரில் நடந்த போட்டியில், கீழே இறங்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆனாலும் இறங்கினார். துணியையும் வாளையும் வாங்கிக் காளையை எதிர்கொண்டார். கொல்ல வேண்டிய நொடியில் வாளை மணலில் போட்டுவிட்டு, பாய்ந்து வந்த காளையின் தோளை வெறும் விரல்களால் தொட்டார். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது. வெளியே வந்ததும் கைது. கூட்டம் கொந்தளிக்கவே விடுவித்தார்கள்.

தடை என்ன ஆச்சு?

1974-ல்தான் ஸ்பெயின் அதை நீக்கியது. அதற்குள் கான்சிட்டா களத்தை விட்டு விலகி, திருமணமாகி, போர்ச்சுகலில் குடியேறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. 2009 பிப்ரவரி 17-ல் லிஸ்பனில் காலமானார். வயது 86.