விமானத் தளமும் பொதுப் பணமும்

தாதரிலும் மாதுங்காவிலும், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மக்களுக்கு ஊர்ப் பயணம் என்றவுடன் நினைவுக்கு வருவது இரயில் வண்டியே. தாதரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குவோர் நெடுநேரம் பயணம் செய்த பின்னரே தாமிரபரணியைக் காண்கின்றனர். இந்நாளில் அவருள் பலர் விமானத்தையும் நாடுகின்றனர். ஆகாயத்தில் தண்டவாளம் அமைக்க வேண்டுவதில்லை. ஆயினும் விமானம் இறங்குவதற்குத் திடமான தரை வேண்டும். அத்தரையை ஆக்கிக் காக்கும் செலவு யாரைச் சார்ந்தது? இவ்வினாவின் வரலாறு நம் பம்பாயின் ஜூஹுக் கடற்கரையிலேயே தொடங்குகிறது.

ஜூஹு விமானத் தளம் 1928ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாக ஜூஹு வந்து இறங்கினார். அகமதாபாத்தில் அவ்விமானத்திற்கு வேண்டிய பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. ஜூஹுவிலிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். பெல்லாரி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே, பம்பாயையும் தமிழகத்தையும் வான்வழியே இணைத்த முதல் ஒழுங்கான தபால் சேவை இதுவே எனலாம்.

அச்சேவைக்கு அரசாங்கம் மானியம் எதுவும் அளிக்கவில்லை. சுமந்து சென்ற தபாலின் எடைக்குரிய கூலி ஒன்றே வருவாய். விமானத்தை ஓட்டும் துணிவைத் தனியார் காட்டினர். ஆனால் தரையைத் திருத்துவது அவர்களுடைய கைக்கு அடங்காத காரியமாயிற்று. ஜூஹுத் தளம் காய்ந்த சேற்று நிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும். ஆண்டுதோறும் பருவமழை தொடங்கியதும் விமானங்களும் விமானிகளும் மெக்கானிக்குகளும் பூனாவுக்குக் குடிபெயர்ந்தனர். விமானம் எவ்வளவு சிறந்ததாயினும், தளம் சேறாக இருப்பின் சேவை தடைப்படும் என்பதை அந்த மழைக்காலங்கள் தெளிவாகக் காட்டின.

அக்குறையைத் தீர்த்தது வாணிபம் அன்று, போர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை சாந்தாகுரூஸில் பெரிய தளம் அமைத்தது. போர் முடிந்த பின்னர், பயணிகள் விமானங்கள் ஜூஹுவை விட்டு அங்கே சென்றன. படைக்காகச் செலவான பொதுப் பணம், இவ்வாறு பொதுமக்களின் பயணத்திற்குப் பயன்பட்டது.

அமெரிக்க நாடோ இதனைத் திட்டமிட்டே செய்தது. 1946ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டத்தின்படி, மத்திய அரசாங்கம் தளங்களின் செலவில் ஒரு பங்கை மானியமாக அளித்தது. எஞ்சியதை மாநிலமோ நகரமோ ஏற்றது. ஒரு நிபந்தனை முதன்மையானது: மானியம் பெற்ற தளம் பாரபட்சமின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். பொதுப் பணம் பெற்றது பொதுவுக்கு உரியது என்னும் நியாயம் அதில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இப்பொறுப்பு நெடுங்காலம் மத்திய அரசாங்கத்திடமே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய விமான நிலைய ஆணையம் தோன்றியது. அதன்பின் மாநிலங்களின் பங்கு படிப்படியாக விரிந்தது. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொச்சி நிலையத்திற்குக் கேரள அரசும், வெளிநாடுகளில் உழைத்த ஏறத்தாழ 10,000 மலையாளிகளும் பங்கு முதல் அளித்தனர். ஊரை விட்டுச் சென்றவர்களின் சேமிப்பு ஊரின் ஓடுபாதையாக மாறிய அச்செய்தி, வெளிமாநிலத் தமிழராகிய நாம் சிந்திக்கத் தக்கது.

2016ஆம் ஆண்டில் 'உடான்' என்னும் திட்டம் வந்தது. சிற்றூர்த் தடங்களில் விமானக் கம்பெனிகளின் வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் குறையை ஈடுசெய்வது அதன் நோக்கம். அம்மானியத்தில் மாநிலத்தின் பங்கு பொதுவாக 100க்கு 20. அன்றியும் மாநிலம் வேண்டிய நிலத்தை இலவசமாகத் தரவேண்டும். காவலும் தீயணைப்பும் செலவின்றி அளிக்கவேண்டும். விமான எரிபொருள் வரியை 100க்கு 1 என்னும் அளவுக்குக் குறைக்கவேண்டும்.

மானியத்தின் வலிமையும் வரம்பும் சேலத்தில் புலப்படுகின்றன. இத்திட்டத்தின் உதவியால் 2018 மார்ச்சில் சென்னை சேவை தொடங்கியது; 2021இல் நின்றது; 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஓடுபாதை இருந்தது. பறப்பது மட்டும் இல்லை. பாதையைப் பணத்தால் போடலாம். பயணியையும் கம்பெனியையும் நிலையாக நிறுத்துவது வேறு காரியம்.

தூத்துக்குடியின் கதை வேறு. வாகைக்குளத்தில் அமைந்த தளத்தின் பாதை 1,350 மீட்டர் நீளமே இருந்தமையால், சிறு விமானங்களே அங்கு இறங்க இயன்றது. தமிழ்நாடு அரசு நிலத்தைக் கையகப்படுத்தித் தந்தது. ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவில் பாதை 3,115 மீட்டராக நீண்டது. புதிய கட்டிடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. தாராவியில் குடியேறிய திருநெல்வேலிச் சீமையாருக்கு அது சொந்த ஊர் வாசல் அன்றோ!

எனினும் கணக்கில் ஏறாத மானியம் ஒன்று உண்டு. அது விளைநிலத்தையும் வீட்டையும் இழப்பவர் தருவது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை நிலையத்திற்காகப் பல கிராமத்தார் இடம் பெயர்ந்தனர். பரந்தூரில் சென்னையின் இரண்டாம் நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டதும், ஏகனாபுரத்தார் போராடத் தொடங்கினர். அரசாங்கம் கொடுப்பது பணம். அவர்கள் கொடுக்குமாறு கேட்கப்படுவது தலைமுறைகளின் வாழ்வு.

ஆதலால் ஒரு தளத்திற்குப் பொதுப் பணம் தகுமா என்று எண்ணும்போது மூன்று வினாக்கள் எழவேண்டும். அது எல்லோருக்கும் திறந்ததா? மானியம் நின்ற பின்னும் சேவை நிற்குமா? நிலம் இழந்தவருக்கு உரியது கிடைத்ததா? விமானச் சீட்டு வாங்காதவரும் வரி செலுத்துகின்றார். தாதர் நடைமேடையில் மூட்டையுடன் நிற்கும் தொழிலாளியும் ஓடுபாதையின் பங்காளியே. ஆகவே இம்மூன்று வினாக்களையும் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.