ரோஜாவுக்குக் கவாத்து எப்போது?

செடியை வெட்டுவது எளிது. எப்போது வெட்டுவது என்று அறிவதே அருமை. ரோஜாவின் கவாத்துக் காலத்திற்குப் பின்னே, கடல் கடந்த வரலாறு ஒன்று உண்டு. மாணவ மணிகளே, அதனை இன்று சிறிது காண்போம்.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களுட் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறையே பூத்தன. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கின. அவ்வுறக்கம் கலையும் மார்ச்சு மாதத்தை ஒட்டி ஆங்கிலேயர் கவாத்துச் செய்தனர். சீன ரோஜாவோ மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பினது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பாவை எய்தியது. இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவு அக்காலத்தில் பூர்போன் எனப்பட்டது. அங்கே சீன ரோஜாவும் டமாஸ்கு ரோஜாவும் வேலிச்செடிகளாய் அருகருகே வளர்ந்தன. இரண்டும் கலந்து புதியதோர் இனம் பிறந்தது. 1819ஆம் ஆண்டை ஒட்டி, பிரேயோன் என்னும் தாவர நூலார் அதன் விதைகளைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பினார். எட்வர்டு ரோஜா எனப்படும் நம் பன்னீர் ரோஜாவும் அவ்வினத்தின் வழி வந்ததென்பர்.

உறங்காத செடிக்கு, உறங்கும் செடியின் நாட்காட்டி பொருந்துமா? நமக்கு மார்ச்சு மாதம் கோடையின் வாயில். அப்போது வெட்டினால் இளந்தளிர் வெயிலில் வாடும். ஆகவே நம் சமவெளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம் என்பர் வேளாண் அறிஞர். ஆயினும் மாமல்லபுரக் கரையில் வடகிழக்குப் பருவமழை பொழிவதும் அம்மாதங்களிலேதான். ஈரம் படிந்த வெட்டுவாயில் பூஞ்சை பற்றினால், கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகும். ஆதலின் அணுபுரத்தில் நான், மழை ஓய்ந்த மார்கழியில் கத்தரியை எடுக்கிறேன். பட்டுப்போன கிளைகளைக் களைந்து, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுகிறேன். ஏறக்குறைய ஆறேழு வாரங்களில் பூக்கள் மலர்கின்றன.

உதகையில் 1995ஆம் ஆண்டு அமைந்த அரசு ரோஜாப் பூங்காவிலோ, கோடை விழாவுக்குப் பூக்கள் நிறைய வேண்டுமென்று ஜனவரியிலே கவாத்துச் செய்வர். குளிர்ந்த மலையில் தளிர் மெல்லவே வளரும். ஆதலின் அங்கே கணக்கு நீளுகிறது.

குளிர்நாட்டில் பனி செய்யும் பணியை, இதமான நாட்டில் மனிதன் கை செய்கிறது. அக்கை பிறநாட்டு நாட்காட்டியைப் பாராமல், தன் ஊர் வானத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். விதியை மட்டும் கற்பவன் ஓர் ஊரில் பிழைப்பான். விதியின் காரணத்தையும் கற்பவன் எவ்வூரிலும் பூக்காண்பான்.