ஒன்றியம்

ஒன்றியம் (பெயர்ச்சொல்): பல அமைப்புகள் சேர்ந்த ஓர் அமைப்பு. ‘ஒன்று’ என்னும் வினையடியில் பிறந்தது. ஒன்றுதல் என்றால் பொருந்திச் சேர்தல்.

அச்சரப்பாக்கம் போன்ற ஊர்களில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என இச்சொல் அன்றாடப் பேச்சில் உண்டு. ஊராட்சிகள் பல சேர்ந்த ஊராட்சி ஒன்றியத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அரசமைப்பின் முதல் உறுப்பும் இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ‘மத்திய அரசு’ என்பதற்கு மாறாக, 2021 முதல் தமிழ்நாடு அரசு ‘ஒன்றிய அரசு’ என எழுதுகிறது. மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த இராஜமன்னார் குழுவின் அறிக்கை (1971), சட்டமன்றத்தின் மாநில சுயாட்சித் தீர்மானம் (1974) ஆகியவற்றின் வழிவந்த வழக்கு இது. மாநிலங்கள் சேர்ந்ததே நாடு என்பதை நினைவூட்டும் இச்சொல்லைத் தயங்காமல் வழங்குவோம்.